கொடுத்தால் பலி, பறித்தால் கொலை

காவிரி வடிநிலத்துக் கத்தோலிக்கராகிய நம் நாவில் 'பலி' என்னும் சொல் படும் பாடு பெரிது. ஞாயிறு காலையில் நாம் திருப்பலிக்குச் செல்கிறோம். கல்வாரியின் பலி பீடத்தின்மேல் நம்மிடையே நிகழ்கிறது என நம்பி முழந்தாட்படியிடுகிறோம். ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும், தேநீர்க்கடை வாயிலில் தொங்கும் நாளேட்டுத் தாள் 'லாரி கவிழ்ந்து நால்வர் பலி' என்கிறது. கடன் தாளாமல் உயிர் மாய்த்துக்கொண்ட உழவர், நச்சுக்காற்று தாக்கிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மடிந்த தொழிலாளி, தீப்பிடித்த பள்ளியில் கருகிய குழந்தை ஆகிய அனைவரும் நாளேட்டு மொழியில் 'பலி'. அரசியல் மேடையிலோ இதே சாவுகள் 'தியாகம்' என்றும் 'உயிர்க்கொடை' என்றும் பெயர் மாற்றம் பெறுகின்றன. சொல் தேயுமிடத்துப் பொருளும் தேயும். பொருள் தேயுமிடத்து மனச்சான்றும் தேய்ந்துபோகும்.

பிறருக்காக ஒருவர் மனமுவந்து உயிரைக் கொடுத்தால், கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அது பலியாகுமா? அன்பியக் கூட்டங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இவ்வினா எழும்போதெல்லாம் இருவகை விடைகளைக் கேட்கிறோம். முதல் விடையினர் கூறுவது இது: பலி ஒன்றே, அது கிறிஸ்துவின் பலி. விசுவாசத்தின்மீது கொண்ட வெறுப்பினால் கொல்லப்பட்டவர் மறைச்சாட்சி. மற்றபடி வெள்ளத்தில் பிறரைக் காப்பாற்றச் சென்று இறந்தவரும், நோயாளருக்குப் பணிபுரிந்து இறந்தவரும் நல்லவர்கள். அவர்கள் சாவு நற்செயல். அதைப் பலி என்பது மிகை. இரண்டாம் விடையினர் இதற்கு நேர்மாறானவர்கள். எவர் எக்காரணத்துக்காக இறந்தாலும், ஒரு கொள்கையின் பெயரோ கூட்டத்தின் பெயரோ சொல்லப்பட்டுவிட்டால் அது தியாகம் என்பார்கள். அதனைக் கல்வாரியோடு ஒப்பிடவும் தயங்கமாட்டார்கள்.

முதல் விடை வாயிலை அடைத்துவிடுகிறது. இரண்டாம் விடை சுவரையே இடித்துவிடுகிறது. இரண்டும் தவறு என்பதே நமது துணிபு.

ஒரே பலியும் அதில் நமது பங்கும்

முதலில், பலி ஒன்றே என்பவர்களுக்கு மறுமொழி கூறுவோம். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் பத்தாம் அதிகாரம் கிறிஸ்து ஒரே முறை தம்மை ஒப்புக்கொடுத்தார் என்றும், அப்பலி என்றென்றைக்கும் போதுமானது என்றும் போதிப்பதில் ஐயமில்லை. வேறெந்த மனிதச் சாவும் அதற்கு இணையாகாது. அதில் குறையேதும் இருப்பதாகக் கருதி அதனை நிறைவு செய்யவும் இயலாது. ஆனால் அதே திருமுகம், சில ஏடுகள் தள்ளி, 13:16-இல், நன்மை செய்வதும் பகிர்ந்துகொள்வதும் இறைவன் விரும்பும் பலிகளே என்கிறதே, அதை ஏன் படிக்காமல் விடுகிறோம்? உரோமையர் 12:1-இல் பவுலடியார் நம் உடல்களையே உயிருள்ள பலியாகப் படைக்கும்படி வேண்டுகிறார். யோவானின் முதல் திருமுகம் 3:16-இல், கிறிஸ்து நமக்காக உயிரைக் கொடுத்ததனால் நாமும் சகோதரர்களுக்காக உயிரைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம் என்று எழுதுகிறது. அந்த ஒரே பலி மூடிக் கிடக்கும் பலியன்று; தன்னுள் பிறரையும் சேர்த்துக்கொள்ளும் பலி. புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகரம்' என்னும் தம் பெருநூலின் பத்தாம் பகுதியில், இறைவனோடு நாம் ஒன்றித்திருக்கும்பொருட்டுச் செய்யும் ஒவ்வொரு செயலையும் உண்மையான பலி என்றே வரையறுக்கிறார். மனிதருக்குக் காட்டும் இரக்கமும் கடவுளை நோக்கியதாயின் பலியே என்று விளக்குகிறார்.

மறைச்சாட்சியம் பற்றிய திருச்சபையின் பார்வையும் இவர்கள் நினைப்பதுபோல் ஒடுக்கமானதன்று. திருமுழுக்கு யோவான் எதற்காகத் தலை இழந்தார்? கிறிஸ்துவை மறுதலிக்குமாறு அவரை எவரும் கேட்கவில்லை. ஏரோதின் முறைகெட்ட திருமணத்தைக் கண்டித்ததற்காகவே சிறைப்பட்டு மாண்டார். ஆயினும் திருச்சபை அவரை மறைச்சாட்சியாகக் கொண்டாடுகிறது. இதனை எடுத்துக்காட்டியே, இறைவனை நோக்கிய எந்த அறச்செயலும் மறைச்சாட்சியத்துக்குக் காரணமாகலாம் என்று புனித அக்குவினா தோமையார் முடிவுகட்டினார். நம்மண்ணில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரின் வரலாறும் ஒரு மணவுறவுச் சிக்கலில் தொடங்கியதே என்பதை ஓரியூருக்குத் திருப்பயணம் செல்லும் நாம் மறக்கலாகாது. மத்தியப்பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுவிக்க உழைத்த அருள்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் திருச்சபை அவரை மறைச்சாட்சி என்றே அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

இனி, கொலைஞனே இல்லாத சாவுகளைப் பார்ப்போம். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நகரத்தார் தம் உற்றாரையே தெருவில் விட்டு ஓடினர். கிறிஸ்தவர்கள் பலர் நோயாளரைத் தொட்டுப் பேணி, அந்நோயாலேயே இறந்தனர். அவர்களது சாவு மறைச்சாட்சியருடைய சாவுக்குச் சற்றும் குறைந்ததன்று என ஆயர் தியோனீசியு எழுதினார். உரோமை மறைச்சாட்சியர் நூல் பிப்ரவரி 28 அன்று அவர்களை நினைவுகூர்கிறது. 2020 ஏப்ரலில் சென்னையில் கிறிஸ்தவ மருத்துவர் ஒருவர் கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி இறந்தபோது, அவருடைய உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்ததை நாம் அறிவோம். அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவர் போற்றியதை நம் காலத்து மாநகரம் கல்லெறிந்து விரட்டியது. அத்தகையோரின் சாவு 'வெறும் நற்செயல்' என்று கூறுவோர், அந்தக் கூட்டத்தினின்று எவ்வளவு தொலைவில் நிற்கிறார்கள் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

1941-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பத்துப் பேர் பட்டினிச் சாவுக்குத் தீர்ப்பிடப்பட்டனர். அவர்களுள் மனைவி மக்களை நினைத்துக் கதறிய ஒருவருக்கு மாற்றாகத் தம்மை ஏற்கும்படி அருள்தந்தை மாக்சிமிலியன் கோல்பே முன்வந்தார். ஆகஸ்டு 14 அன்று நஞ்சூசியால் கொல்லப்பட்டார். விசுவாசத்தின்மீது கொண்ட வெறுப்பு இங்கே நேரடியாக உள்ளதா என்ற வழக்கு திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைச்சாட்சி என்று அழைக்காமல் அருளாளராக்கினார். 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைச்சாட்சியாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

பின்னர், 2017 ஜூலை 11 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட திருத்தூது மடல் இவ்வழக்கை மேலும் தெளிவாக்கியது. மறைச்சாட்சியம், வீரத்துவப் புண்ணிய வாழ்வு ஆகிய பழைய வழிகளோடு, 'வாழ்வைக் கையளித்தல்' என்னும் தனி வழியையும் அது திறந்துவைத்தது. அதன் நிபந்தனைகளை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கையளிப்பு சுதந்திரமாகவும் விருப்பத்தோடும் செய்யப்படவேண்டும். விரைவில் உறுதியாக வரவிருக்கும் சாவை அன்பின்பொருட்டு ஏற்றிருக்கவேண்டும். அக்கையளிப்புக்கும் அச்சாவுக்கும் தொடர்பு இருக்கவேண்டும். அதற்கு முன்னரே கிறிஸ்தவப் புண்ணியங்கள் சாதாரண அளவிலேனும் அவரிடம் விளங்கியிருக்கவேண்டும். புனிதர் என்ற நற்பெயர் சாவுக்குப் பின்னரேனும் நிலவவேண்டும். புதுமை ஒன்றும் வேண்டும். 1943-இல் உரோமைக்கருகே பிணையாளர்களாகப் பிடிக்கப்பட்ட பொதுமக்களைக் காக்கப் பழியைத் தம்மேல் ஏற்றுச் சுடப்பட்ட 22 வயதுக் காவலர் சல்வோ தக்குவிஸ்தோவின் கையளிப்பை 2025 பிப்ரவரியில் திருச்சபை இவ்வழியில் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, 'மறைச்சாட்சி அல்லர். எனவே பலியுமன்று' என்னும் வாதம் இனி நிற்காது. மறைச்சாட்சியத்தையும் வாழ்வைக் கையளித்தலையும் திருச்சபை வேறுபடுத்துகிறது; ஆனால் இரண்டையும் கிறிஸ்துவின் ஒரே அன்பில் வேரூன்றியவையாகவே காண்கிறது.

ஒரே வாயிலில் இருவர்

முதல் விடையினரை மறுத்தோம் என்பதால் இரண்டாம் விடையினர் மகிழவேண்டாம். விருப்பத்தோடு சாவதே பலிக்குப் போதுமா என்று அவர்களைக் கேட்கிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. மட்டக்களப்பின் சீயோன் ஆலய வளாகத்துக்குள் முதுகுப் பையுடன் ஒருவன் வந்தான். சபையைச் சேர்ந்த தமிழர் ஒருவர் ஐயுற்று, அவனை ஆலயத்துக்குள் விட மறுத்து நின்றார். குண்டு வெளியிலேயே வெடித்தது. சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். தடுத்து நின்றவரும் மாண்டார். ஆயினும் உள்ளே குழுமியிருந்த பெருங்கூட்டம் தப்பியது. 2015 மார்ச்சு 15 அன்று பாகிஸ்தானின் லாகூரில், கத்தோலிக்க ஆலய வாயிலைக் காத்து நின்ற ஆகாஷ் பஷீர் என்னும் இளைஞரும் இவ்வாறே வெடிகுண்டோடு வந்தவனைத் தடுத்துத் தம் உயிரை ஈந்தார். திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்துள்ளது.

இரு வாயில்களிலும் இருவர் இருவராக இறந்தனர். தடுத்தவர் உயிரைக் கொடுத்தார். வெடித்தவனும் உயிரைக் கொடுத்தான். வெடித்தவனும் மனமுவந்தே செத்தான். தன் கூட்டத்தாருக்காகச் சாகிறோம் என்றே எண்ணினான். விருப்பமும், பிறருக்காக என்ற எண்ணமும் மட்டுமே பலியின் இலக்கணமாயின், இவ்விருவரையும் வேறுபடுத்த நம்மிடம் அளவுகோலே இல்லாமற் போகும். ஈழப்போரில் மனித வெடிகுண்டாய் மாறியவர்களுக்குத் 'தற்கொடை' என்னும் அழகிய சொல் சூட்டப்பட்டதை நம் தலைமுறை கண்டது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அச்சொல்லின் விலையைத் தமிழகமும் கண்டது. அங்கே சிதறியவர்களுள் தலைவர் மட்டுமன்று. மாலையிட வந்த எளியவர்களும், கடமை ஆற்ற வந்த காவலர்களும் இருந்தனர். பிறர் உயிரைப் பறிக்கும்பொருட்டுத் தன் உயிரைக் கருவியாக்குவது எத்துணைத் துணிவு உடையதாயினும் பலி ஆகாது. பலியிடுபவர் தம்மைத் தவிர வேறெவரையும் பீடத்தில் வைப்பதில்லை.

தீயும் அன்பும்

அடுத்த வினா இன்னும் நுண்ணியது. நம் நெஞ்சைச் சுடுவது. எவரையும் கொல்லாமல், ஒரு நோக்கத்துக்காகத் தம்மைத்தாமே அழித்துக்கொள்வோர் நிலை என்ன?

1964 ஜனவரி 25 அன்று திருச்சி தொடர்வண்டி நிலையத்தின்முன் கீழப்பழுவூர் சின்னச்சாமி தமிழுக்காகத் தீக்குளித்தார். அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 11 அன்று சைகோன் நகரில் புத்தத் துறவி திக் குவாங் டக் தீக்குளித்திருந்தார். அவர் எதிர்த்தது ஒரு கத்தோலிக்கக் குடியரசுத்தலைவரின் ஆட்சியை என்பதை நாம் மறைக்கக்கூடாது. 2016 செப்டம்பரில், நம் மன்னார்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், காவிரி நீருக்காகச் சென்னையில் நடந்த பேரணியில் தீக்குளித்து இறந்தார். இவர்களது நோக்கத்தின் தூய்மையை ஐயுற நமக்கு உரிமையில்லை. இவர்கள் எதிர்த்த அநீதிகளும் கற்பனையல்ல.

ஆயினும் கிறிஸ்துவின் வழி இதுவன்று என்று சொல்லவேண்டிய கடமை நமக்குண்டு. இயேசு சாவைத் தேடிச் செல்லவில்லை. அவர்மீது கல்லெறிய முயன்றபோது மறைந்து வெளியேறினார் (யோவான் 8:59). பிடிக்க முயன்றபோது அவர்கள் கையினின்று தப்பிச் சென்றார் (யோவான் 10:39). கெத்சமனியில் அத்துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு வியர்வை சிந்தி மன்றாடினார். அவர் தேடியது தந்தையின் விருப்பத்தையும் மனிதரின் மீட்பையும். அவ்வழியில் சாவு குறுக்கிட்டபோது அவர் விலகி ஓடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா ஊர்த் திருச்சபை, தாமாகச் சென்று சாவுக்குக் கையளித்துக்கொண்டவர்களைப் பாராட்ட மறுத்தது. நற்செய்தி அவ்வாறு கற்பிக்கவில்லை என்று எழுதிவைத்தது. தன் உடலையே எரிப்பதற்குக் கையளித்தாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என 1 கொரிந்தியர் 13:3 எச்சரிக்கிறது. தீயின் அளவைக்கொண்டு பலியை அளக்கமுடியாது என்பதே அதன் பொருள்.

இவ்வெச்சரிக்கை நம் மண்ணுக்கு மிகவும் தேவை. ஏனெனில் தற்பலியைப் போற்றும் மரபு இம்மண்ணில் ஆழ வேரோடியது. பசுபதிகோயிலுக்கு அருகே புள்ளமங்கைச் சோழர் கோயிலில், கொற்றவையின் இருமருங்கும் தம் உடலையே அரிந்து படைக்கும் வீரரைச் சிற்பி செதுக்கிவைத்திருக்கிறான். அரசனுக்காக உயிர்விடச் சூளுரைத்த வேளைக்காரப் படையினரைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. போரிட்டு மாண்டவரின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் ஈந்த வழக்கமும் இருந்தது. அந்த மறவரை நாம் இகழவில்லை. ஆனால் கல்வாரியில் நிகழ்ந்தது இதற்கு முற்றிலும் மாறானது என்பதைக் காணத் தவறினால் நாம் கிறிஸ்தவரே அல்லர். வேளைக்காரன் அரசனுக்காகத் தலை கொடுத்தான். கல்வாரியில் அரசரே வேளைக்காரனுக்காகத் தம்மைக் கொடுத்தார். தெய்வத்துக்கு மனிதன் குருதி சிந்திய உலகில், மனிதனுக்காகத் தெய்வம் குருதி சிந்தியது. இதற்குப் பின்னும் இளைஞரின் உயிரை எதிர்பார்க்கும் தலைமையும், கொள்கையும், இயக்கமும் பழைய கொற்றவையின் பீடத்தைத்தான் மீண்டும் கட்டுகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். தம் உயிரை மாய்த்துக்கொண்டவர் எவரையும் நாம் தீர்ப்பிடவில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்து உயிர் மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. கடுந்துயரும் அச்சமும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இறைவன் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மீட்பு உண்டு என நம்பி மன்றாடவேண்டும் என்றும் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியபோது நம் பங்குகளின் ஊர்களிலும் உழவர் பலர் மாண்டனர். அவர்கள் குடும்பத்துக்கு நாம் கொடுக்கவேண்டியவை மன்றாட்டும், தோள் கொடுத்தலும், கடன் சுமையைப் பகிர்தலும். அவர்களைப் பழித்தலும் தவறு. 'தியாகி' என்று சுவரொட்டியில் ஒட்டி அடுத்தவரையும் அவ்வழியே அழைப்பது அதைவிடப் பெருந்தவறு. துயரில் துவளும் ஒவ்வொருவரிடமும் திருச்சபை சொல்லவேண்டியது ஒன்றே: உம் சாவு எங்களுக்குத் தேவையில்லை, நீர் வாழவேண்டும், உம் சுமையைச் சொல்லும், நாங்கள் உடனிருக்கிறோம்.

கயபாவின் குரல்

இப்போது கொடிய தவறுக்கு வருகிறோம். இயேசுவின் சாவைப்பற்றி நற்செய்தியில் இரு குரல்கள் கேட்கின்றன. தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக இயேசு உரைக்கிறார் (யோவான் 10:18). மக்கள் அனைவரும் அழியாதிருக்க ஒருவன் சாவது நலம் என்று தலைமைக்குரு கயபா உரைக்கிறான் (யோவான் 11:50). சாவு ஒன்றே, 'பிறருக்காக' என்னும் பொருளும் இரு வாய்களிலும் வருகிறது. ஆனால் முதலது கொடுப்பவரின் குரல்; இரண்டாவது பிறர் உயிரைக் கணக்குப் பார்ப்பவனின் குரல். கயபாவின் சொல்லை இறைவன் மீட்பின் இறைவாக்காக மாற்றினார் என்பது உண்மை; அதனால் கயபா நல்லவனாகிவிடவில்லை. பிறர் உயிரைக் கேட்பவன் வாயில் 'பலி' என்ற சொல் வந்தால், அது கொலைக்குப் பூசும் மஞ்சள்.

நம் வடிநிலத்தில் இதற்குச் சான்று உண்டு. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டுச் சங்கமாய்த் திரண்ட தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் தாக்கப்பட்டனர். ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அவர்கள் சாவைத் தேர்ந்துகொள்ளவில்லை. அவர்கள் கேட்டது நெல். அவர்களைப் 'பலியானோர்' என்று எழுதும்போது, கொளுத்திய கை வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். '94 பிஞ்சுகள் பலி' என்று எழுதினோம். எந்தத் தெய்வத்துக்கு? கீற்றுக்கூரைக்கும், நெரிசலுக்கும், கண்டும் காணாமல் விட்ட ஆய்வுகளுக்குமா? 2014-இல் தஞ்சை நீதிமன்றம் சிலருக்குத் தண்டனை அளித்தபோது, அது பலியன்று, குற்றம் என்பதைச் சட்டமே நமக்கு நினைவூட்டிற்று. மனிதர் கையால் மலம் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு என உச்சநீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. அதன் பின்னும் சாகிறவரைத் 'தூய்மைப் பணியில் உயிர்த்தியாகம் செய்தவர்' என்று புகழ்வது, அவரை மீண்டும் தொட்டிக்குள் இறக்குவதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒரு தடை எழலாம். டிசம்பர் 28 அன்று நாம் மாசில்லாக் குழந்தைகளை மறைச்சாட்சியராக வணங்குகிறோமே. பெத்லகேம் குழந்தைகள் சாவைத் தேர்ந்துகொண்டார்களா என்று கேட்கலாம். நல்ல வினா. அக்குழந்தைகள் விரும்பிச் சாகவில்லை. கிறிஸ்துவைத் தேடிய வாள் அவர்கள்மேல் விழுந்தது. அவர்களை இறைவன் தம்முடையவர்களாக ஏற்றுக்கொண்டார் என்று திருச்சபை கொண்டாடுகிறது; வாழ்வைக் கையளித்தலுக்கு முன்மாதிரியாக அவர்களை அது காட்டவில்லை. மேலும், அவ்விழாவில் ஏரோதை எவரும் விடுவிப்பதில்லை. ஆண்டுதோறும் நற்செய்தி அவன் பெயரைச் சொல்லியே வாசிக்கப்படுகிறது. தேற்றுவாரின்றி அழும் தாயின் குரலும் அதில் கேட்கிறது. கீழ்வெண்மணியின் குழந்தைகளையும் கும்பகோணத்தின் குழந்தைகளையும் நாம் நினைக்கவேண்டிய முறை இதுவே: இறந்தோரை இறைவனிடம் ஒப்படைத்து, அழுகையை மூடாமல், ஏரோதின் பெயரை மறைக்காமல்.

இல்லத்திலும் ஆலயத்திலும்

கயபாவின் குரல் நிலக்கிழாரின் மாளிகையிலும் அரசியல் மேடையிலும் மட்டும் ஒலிப்பதாக எண்ணிவிடவேண்டாம். நம் இல்லங்களிலும் அது ஒலிக்கிறது. தம்பிகளின் படிப்புக்காக மணமின்றி நரைத்த மூத்த மகளைத் 'தியாகச் சுடர்' என்று உறவினர் புகழ்கின்றனர்; அவளிடம் ஒருநாளேனும் விருப்பம் கேட்டவர் யார்? குடிகாரக் கணவனின் அடியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணிடம் 'உன் சிலுவையை ஒப்புக்கொடு' என்று அறிவுரை கூறுகிறோம். ஆபிரகாம் தன் மகன்மேல் ஓங்கிய கையை இறைவன் தடுத்தார் என்பதை மறந்தோம். இப்தா தன் நேர்ச்சைக்குத் தன் மகளை விலையாக்கியதை நீதித்தலைவர்கள் நூல் துயரமாகவே பதிவுசெய்கிறது என்பதையும் மறந்தோம். பிறக்கவிருந்த குழந்தைக்காகத் தம் உயிருக்கு நேரும் ஆபத்தை ஏற்ற புனித ஜான்னா மோல்லாவைத் திருச்சபை 2004-இல் புனிதராக்கியது. அந்த முடிவு அவருடையது. அவர் தாமே எடுத்த முடிவு என்பதனாலேயே அது ஒளிர்கிறது. அதையே வேறொரு பெண்ணின்மேல் சுமத்தினால், அது ஒளியன்று, சுமை.

எனவே இவ்வடிநிலத்துப் பங்குகளின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் பொதுமன்றாட்டில் வெண்மணியின் 44 பேரையும் நினைவுகூர்வோம்; குடிலில் இடமின்றிப் பிறந்தவரின் விழா குடிசையில் எரிந்தவர்களை மறந்து நடைபெறலாகாது. மறைக்கல்வி வகுப்புகளில் மறைச்சாட்சியரின் வரலாற்றோடு, வாழ்வைக் கையளித்தல் பற்றிய 2017-ஆம் ஆண்டின் போதனையையும் கற்பிப்போம். நம் பேச்சிலும் எழுத்திலும், கொல்லப்பட்டவரைக் கொல்லப்பட்டவர் என்றே சொல்வோம். பலி என்னும் சொல்லைக் கொடுத்தவருக்கே உரியதாக வைப்போம்.

விதைநெல்

பிறருக்காக மனமுவந்து சாவது பலியா என்ற வினாவுக்கு நம் விடை இது. ஆம், பலியே. அன்பின்பொருட்டு, சாவைத் தேடாமலும் அதற்கு அஞ்சி விலகாமலும், எவர் உயிரையும் பறிக்காமல், எவர் வற்புறுத்தலுமின்றி ஒருவர் தம் வாழ்வைக் கையளித்தால், அது கிறிஸ்துவின் ஒரே பலியோடு இணைந்த பலி. அவர் நம் சபையைச் சாராதவராயினும், இச்சிறியோருக்குச் செய்தது தமக்கே செய்தது என்றுரைத்த ஆண்டவர் (மத்தேயு 25:40) அவரை அறிவார்.

மண்ணில் விழுந்து மடியும் மணியைப்பற்றி ஆண்டவர் கூறியது (யோவான் 12:24) கோதுமையைக் குறித்தது. நெல் விளையும் நாட்டவராகிய நமக்கு அது இன்னும் எளிதில் விளங்கும். உழவர் விதைநெல்லைத் தெரிந்தெடுத்து, ஊறவைத்து, முளைகட்டி, நாற்றங்காலில் தெளிக்கிறார். அந்நெல் மறைகிறது; நாற்று எழுகிறது. எலி வளைக்குள் இழுத்துச்சென்ற நெல்லும் மண்ணுக்குள்தான் போகிறது. வெள்ளம் அடித்துச்சென்ற நெல்லும் மண்ணோடுதான் கலக்கிறது. அவற்றை விதைப்பு என்று எந்த உழவரும் சொல்வதில்லை. எலிவளையை வெட்டவும், கரையை உயர்த்தவும் மண்வெட்டியை எடுக்கிறார். விதைத்ததற்கும் இழந்ததற்கும் உள்ள வேறுபாடு வயலில் நமக்குத் தெரிகிறது. பீடத்தின் முன்னும் அது தெரியட்டும்.